இரவல் போன எயார் பியூரிஃபயர்

காட்டுத்தீப் புகையால் மொன்றியலில் ஜன்னலே திறக்க முடியாத இந்த வாரத்தில்தான், மேல்மாடி ஜெனி அக்கா காற்றைச் சுத்தமாக்கும் என் எயார் பியூரிஃபயரை இரவல் கேட்டார்.

"மகள் ஒரே இருமுறாள், தங்கச்சி. கொஞ்சம் தாங்கோ."

பிள்ளைக்கு என்றால் எப்படி மறுப்பது? கொடுத்தேன். அன்றிலிருந்து இருமுவது நான்.

இன்று பின்னேரம் திருப்பி வாங்கப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். "போன்ஜூர்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

குசினியில் ஜெனி அக்கா கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில், சிவப்பு விளக்கு எரிய எரிய, என் பியூரிஃபயர் அந்த நெடியை இழுத்துக்கொண்டிருந்தது.

"மகள் இருமுறாள் எண்டு சொன்னீங்களே அக்கா?"

"ஓம், நான் மிளகாய் வறுத்தா அவள் இருமுவாள்தானே! வழமையா பல்கனியிலதான் வறுக்கிறனான். இந்தப் புகைக்குள்ள வெளியில நிண்டு வறுக்கேலுமே?"

வரும்போது பியூரிஃபயரோடு, முன்பே அரைத்து வைத்த ஒரு போத்தல் தூளும் தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது பியூரிஃபயரைப் போட்டால் என் படுக்கையறை முழுக்க வறுத்த மிளகாய் மணக்கிறது.

அவரை மன்னிக்கலாமா என்று உங்களிடம் கேட்கவில்லை. இந்தத் தூளில் நண்டுக்கறி வைத்தால் அவரையும் கூப்பிட வேண்டுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.