நட்புப் பூங்காவில் மாமா பதித்த கல்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா திறந்தார்கள். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஓர் ஊரும் ஷார்ஜாவும் சகோதரி நகரங்களாகிவிட்டனவாம். அதைக் கொண்டாடத் தரையில் இரண்டு கைகள் குலுக்குவதுபோலக் கல் பதித்திருந்தார்கள். பதித்தவர்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி. ஊருக்கு வெளியே தொழிலாளர் கேம்ப்வாசி.

திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டையும் இரவல் கேமராவுமாக வந்தார். அந்தக் கைகள்மேல் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் வெள்ளிக்கிழமை குடும்பங்களுக்கு மட்டும்தான் அனுமதி. அப்பாவும் அம்மாவும் டூட்டியில். குடும்பம் இல்லாமல் தங்கியிருக்கும் பேச்சிலர்கள் வழக்கமாகச் செய்வதையே மாமாவும் செய்தார்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது. அந்த வட்டாரத்தில் எனக்கு நல்ல கிராக்கி. ஒரு சவர்மாவுக்கு யாருக்கு வேண்டுமானாலும் மகனாகியிருக்கிறேன்.

“கேட்டா அப்பான்னு சொல்லுடா மருமவனே,” என்றார் வழியில்.

வாசலில் மருதாணித் தாடி வாட்ச்மேன் மறித்தார். மாமா என்னைத் தன் மகன் என்றார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். ஊரான் பிள்ளையாகப் பொய் சொல்லும்போது வராத குறும்பு சொந்த மாமாவிடம் வந்துவிட்டது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாது என்று இந்தியில் சொன்னேன்.

வாட்ச்மேன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ என்னை உள்ளே இழுத்து, மாமாவை வெளியே தள்ளினார். பயந்துபோய், மாமாதான் என்று உண்மையைச் சொன்னேன். அது இன்னும் மோசமாயிற்று. சற்று முன் அப்பா என்றவர் இப்போது மாமாவா? அம்மா வந்தால்தான் என்னை விடுவேன் என்றார். அம்மா வர ஆறு மணியாகும். கேம்ப் பஸ் ஐந்துக்கு. ஊரும் ஊரும் அக்கா தங்கையாகலாம். என் அம்மாவின் உடன்பிறப்புக்கு உள்ளே வழியில்லை.

குட்டு விழும் என்று கம்பிவேலிப் பக்கமே போகாமலிருந்தேன். மாமாதான் கூப்பிட்டார்.

“கட்டைவிரல் பக்கத்துல மஞ்சக் கல்லு நாலு கெடக்கும் பாரு. ஏறிக் குதி.”

குதித்தேன்.

“ஆடுதாடா?”

“ஆடல மாமா.”

“நல்லாக் குதி.”

மூச்சு வாங்கக் குதித்தேன். கம்பி வழியே என்னை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, சிரித்தபடி பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒழுங்காக அப்பா என்றே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பார்க் வேலை முடிந்ததோடு மாமாவின் விசாவும் முடிந்தது, புதன்கிழமை விமானம் என்பது வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் இன்னொரு வெள்ளிக்கிழமை பாக்கியிருந்தது.