மகள் இரும வேண்டும் என்று காத்திருந்தேன்

மகளுக்குச் சளியும் இருமலும். வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அதிகம் பேசாதவன் நான். தயங்கித் தயங்கி, "ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுங்கம்மா," என்றேன்.

"மருந்த நீங்களே முடிவு பண்ணிக்கினு வந்துட்டீங்க. நான் கையெழுத்து போட்டா போதுமா?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "நெஞ்சு சுத்தமா இருக்குது. இந்தச் சளிக்கு அது கேக்காதுங்க. பத்து நாள்ல தானா போயிடும். மூச்சு வாங்கினா மட்டும் உடனே இட்டுனு வாங்க."

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. 'பத்து நாள்னீங்களே, இன்னும் இருமுறாளே' என்று அதே கூட்டத்துக்கு முன்னால் கேட்கவேண்டும். மரவள்ளிக்குக் களை வெட்டும்போதும் அதையே சொல்லிப் பழகினேன். அவள் இருமும்போதெல்லாம் உள்ளுக்குள் எனக்கு ஒரு தெம்பு.

பத்தாம் நாள் போய் உட்கார்ந்தோம். அவள் இருமவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. குனிந்து, "ஒரு தடவ இருமு கண்ணு," என்றேன்.

முயன்று பார்த்தாள். "வரலப்பா."

எனக்கு வந்தது ஏமாற்றம். அது ஏமாற்றம்தான் என்று புரிந்ததும் உடம்பு கூசியது. டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டோம்.

அவர்மேல் உள்ள கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் என் பிள்ளைக்குக் குணமாகக் கூடாது என்று நினைத்தது நான் ஒருவன்தான்.