சிவப்புக் குடம் சொன்ன கணக்கு

2008, மின்வெட்டு எங்களைப் பாடாய்ப் படுத்திய வருடம். ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தோம். பின்தெருவுக்குத் தனியாக இன்னொன்று. வீட்டுக்கு ஒரு லைட், ஒரு ஃபேன். எதிர்வீட்டு அக்காவின் கிரைண்டருக்கு மட்டும் சலுகை. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளுக்கு ரயிலேறுகிறவர்களுக்கு அவர் இட்லிதான் காலை நாஷ்டா.

லைன் வேலைக்காக நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத ஒரு வியாழக்கிழமை, எங்கள் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்டா நிறைய அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. சாயங்காலத்துக்குள் அரைக்காவிட்டால் அத்தனையும் வீண். மறுநாள் முதல் ஷிப்டுக்கு இட்லி கிடையாது.

நான் அப்போது எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். சும்மா இருப்பேனா? பின்தெரு ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மளிகைக்கடை பாயிடம் ஓடினேன். நோட்டில் லோடு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்ட, எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிள் இழுத்தார்.

கரண்ட் வந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் ஜெனரேட்டர் இருமி, திணறி, நின்றது. காரணம்? 'அடுத்த தெரு கரண்ட்தானே' என்று எங்கள் ஆட்கள் மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் போட்டிருந்தார்கள். 'அவங்க உறிஞ்சறதுக்குள்ள நாம முந்திக்கலாம்' என்று பின்தெருவும் அதையே செய்திருந்தது!

"இன்னாம்மா இன்ஜினீயரு, என் மிஷினுக்குப் பால் ஊத்த வந்தியா?" என்றார் பாய். நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அக்கா உள்ளே போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்.

"கொழாயாண்ட இன்னா பண்றோம்? ஒரு கொடம் ரொம்பினாதான அடுத்தது? இது எந்த ஊட்டு வாசல்ல கீதோ, அந்த ஊட்டு மிஷின் மட்டும் ஓடட்டும்."

குழாயடியில் அக்காவோடு தினமும் மல்லுக்கு நிற்கும் பின்தெரு அம்மா, அந்தக் குடத்தை வெடுக்கென்று பிடுங்கினார். போச்சுடா என்று நினைத்தேன். அவரோ நேராகப் போய் அக்கா வாசலிலேயே வைத்தார்.

"அரிசி ஊறிக்கினு கீது, நீ மொதல்ல அரை. அப்பால என் மிக்சி. கொடத்த மட்டும் அமுக்கிடாத!"

அன்று மாலைவரை குடம் இரண்டு தெருவையும் சுற்றி வந்தது. பாய் மறுபடி ஓடவிட்ட ஜெனரேட்டர் அதன்பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. மறுநாள் முதல் ஈடு இட்லி பாய் வீட்டுக்குப் போனது. எங்கள் ஜெனரேட்டர் சரியான பிறகும் அந்த கேபிளைக் கழற்றவில்லை; எது படுத்தாலும் மற்றது கைகொடுக்கும்படி ஸ்விட்ச் வைத்துக்கொண்டோம்.

வாட் கணக்கெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. ஆனாலும் நோட்டைத் திறக்கும் முன், இன்றைக்கு யார் வீட்டில் அரிசி ஊறுகிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.