பெருமாள் மலைக்குப் போன கிடார்

சென்னை ரயில் ராஜபாளையத்தில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஏழு மணி. புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதுமே வலப்பக்க ஜன்னலில் மலை வந்துவிடும். அன்று மேகம் இறங்கி அதன் மேல்பாதியை மூடியிருந்தது. பிளாட்பாரத்தில் ராஜு மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"ஜெபா வரலையா?"

"வீட்ல இருக்கான். ஸ்டேசன்ல தெரிஞ்சவங்க யாராச்சும் பேச்சுக் குடுத்தா என்ன செய்யன்னு யோசிக்கான்."

நான் ஏன் வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜெபா, ராஜு, நான் மூவரும் கல்லூரிக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் நடந்த சனிக்கிழமை வகுப்பில் கிடார் கற்றுக்கொண்டவர்கள். இப்போது ராஜு டயர் கடை வைத்திருக்கிறான். ஜெபா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று பேரில் பாடுகிறவன் ஜெபா. ராஜுவும் நானும் அவனுக்கு வாசிக்கிறவர்கள், அவ்வளவுதான். வைகாசியில் அவன் கழுத்தில் தைராய்டுக் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி கெட்டது இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் குரல் போய்விட்டது. தொண்டைக்குப் போகும் நரம்பு அதிர்ந்திருக்கிறது, தானாகத் திரும்பிவிடும் என்றார்கள். அதற்குப் பிறகு அவன் சத்தமே இல்லாமல் வெறும் காற்றில்தான் பேசிக்கொண்டிருந்தான்.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'என் கிடாரை நீ எடுத்துக்கொள். சும்மா கிடக்கிறது. வந்து வாங்கிப் போ.' அதைப் படித்த அன்றே டிக்கெட் போட்டுவிட்டேன். கிடாரை வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. என்ன சொல்லி மறுப்பது என்றும் தெரியவில்லை.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு ஜெபாவின் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி ஷீலா வாசலுக்கே வந்துவிட்டாள். ராஜு புரட்டாசியில் கவிச்சி தொடமாட்டான் என்பதால் இட்லிக்குச் சாம்பார் வைத்து, மத்தியானத்துக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி வைத்திருந்தாள். ஜெபா இளைத்திருந்தான். கழுத்தில் ஒரு மடிப்பைப் போல மெல்லிய கோடு. என்னைப் பார்த்துச் சிரித்தான். வாய் அசைந்தது. அருகில் போய்க் காதைக் கொடுத்தேன்.

"சாப்பிட்டியா?" என்கிறான்.

இரவெல்லாம் ரயிலில் நான் யோசித்து வைத்திருந்த எதுவும் அப்போது வாயில் வரவில்லை. "இட்லி வை" என்றேன்.

பிளவக்கல் அணைக்குப் போவதாகத் திட்டம். ராஜுவின் கார் பட்டறையில் கிடந்தது, அதனால் பஸ்தான். ஜெபா கிடாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். அங்கேயே வைத்து என் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் எனக்கு இலவசம், அவர்கள் இருவருக்கும் டிக்கெட். வழியெல்லாம் ராஜுதான் பேசினான். ஜெபா என்ன சொல்ல நினைப்பான் என்பதையும் அவனே ஊகித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். "இவன் என்ன சொல்லுதான்னா, மழை வரும்ங்கான்" என்பான். ஜெபா இல்லை என்று தலையாட்டுவான். "சரி, வராதுங்கான்." இப்படியே நான்கு மாதம் ஓடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரை மணி வாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அங்கே நிற்கவே இடம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே திருவண்ணாமலை என்றால் தீபம் ஏற்றுகிற ஊர் அல்ல. ஊருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் ஒரு குன்றும் அதன்மேல் ஒரு பெருமாளும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே அங்கே போகும். மஞ்சள் துணியும் துளசி மாலையுமாகக் கூட்டம் ஒவ்வொரு பஸ்ஸையும் மொய்த்தது.

பிளவக்கலுக்கு வத்திராயிருப்பு போய்த்தான் மாற வேண்டும். அந்தப் பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு பஸ் வந்து நின்றதும் ராஜு சுறுசுறுப்பானான். ஜெபாவின் தோளிலிருந்து கிடாரைக் கழற்றினான். துண்டு போட்டு இடம் பிடிக்கிற கணக்கில் அதை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினான்.

"அக்கா, இத செத்த சீட்ல வைங்க. மூணு பேரு வாரோம்."

ஜன்னலோரம் இருந்த பெண் மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நாங்கள் படிக்கட்டுப் பக்கம் ஓடினோம். பாதி ஏறியிருப்போம்.

"மலைக்கா?" என்றார் கண்டக்டர்.

"வத்ராப்புக்கு."

"வத்ராப்பு பஸ் பின்னால வருது. இது மலை ஸ்பெஷலு. எறங்குங்க எறங்குங்க."

கிடார் உள்ளே இருக்கிறது என்று சொல்வதற்குள் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் தரையில் நின்றோம். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. ராஜு பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினான். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

அப்போதுதான் என் காதருகே ஒரு சத்தம்.

"ஏலே, நிறுத்துலே. வண்டிய நிறுத்துலே."

தடித்த, கரகரத்த குரல். வாளியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தது மாதிரி இருந்தது. யாரோ பெரியவர் எங்களுக்காகக் கத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் ஜெபா. வாய் இன்னும் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பஸ் நிற்கவில்லை. திரும்பி வெளியே போய்விட்டது. நாங்கள் மூவரும் அதைப் பார்க்கவே இல்லை.

ராஜு மூச்சிரைக்க வந்தான். அவனுக்கு வீட்டுப் பேச்சுத் தெலுங்கு. அதிர்ந்துபோனால் அதுதான் முதலில் வரும். "ஏமிரா" என்றான். பிறகு, "கத்துனது நீயா?"

ஜெபா கழுத்தில் கை வைத்தான். மறுபடியும் பழைய காற்றுக் குரலில், "ஆட்டோ" என்றான்.

மலையடிவாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். கூட்டமான நாள், பேரம் பேசவில்லை. வண்டியை எடுத்ததுமே அவர் திரும்பிப் பார்த்து, "யாரு சார் அந்தக் கத்து கத்துனது? டீக்கடைக்குள்ள இருந்தேன், எனக்கே தூக்கிப் போட்டுட்டு" என்றார்.

ராஜு பதில் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெபா வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நடந்துபோகிறவர்களின் கோவிந்தா முழக்கம் வண்டிக்குள் வந்து வந்து போனது. கிடார் கிடைக்குமா என்ற கவலை எனக்குப் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி, அந்தக் குரல் இன்னொரு தடவை வருமா என்பது.

அடிவாரத்தில் தேங்காய் பழக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் கீழே, கிடாரை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அம்புட்டுப் பேரும் மேல போயாச்சு. எங்க வீட்டுக்காரவுக மொட்டை போடப் போயாச்சு. நான் ஒங்களுக்காக உக்காந்துருக்கேன்" என்றார்.

ராஜு மன்னிப்புக் கேட்டு, கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"செத்த பொறுங்க தம்பி. இதுக்கு முன்னாடியே ஒரு ஆளு வந்து என்னோடதுன்னு கேட்டாரு. வாசின்னேன், போயிட்டாரு. யாரோடது இது?"

ஜெபா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப வாசிங்க."

உறையைப் பிரித்து அவரே நீட்டினார். ஜெபா வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தான். கம்பிகள் இறங்கிப்போயிருந்தன. தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டினான். அவன் அவசரப்படவில்லை. பிறகு வாசித்தான். பெரிய வாசிப்பு ஒன்றும் இல்லை. வகுப்பில் முதல் மாதம் கற்றுக்கொடுத்த விரல் பயிற்சி, அதிலிருந்து வழுக்கி ஒரு மெட்டு. நான்கு மாதம் தொடாத விரல்கள் இரண்டு இடத்தில் தடுக்கின. தேங்காய் வாங்க வந்தவர்கள் நின்றார்கள்.

"கை பழகின கைதான்" என்றார் அந்தப் பெண். "பாட்டு வராதா?"

ராஜு வாயைத் திறந்தான். ஆபரேஷன் கதையைச் சொல்லப்போகிறான் என்று தெரிந்தது. அதற்குள் ஜெபா நிமிர்ந்தான். காற்றாக இல்லாமல், அந்தக் கரகரத்த புதுக் குரலில், மெதுவாகச் சொன்னான்:

"இன்னைக்கு வராதுக்கா. பொறவு வரும்."

"வந்தாச் சரி" என்று எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டேன். வன்னியம்பட்டி என்றார். ஜெபா கும்பிட்டான். அவர் படி ஏறப் போய்விட்டார். நான் இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ராஜு அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ ஆரம்பிக்காத. நானே அடக்கிட்டு நிக்கேன்" என்றான்.

மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, போர்டை மூவரும் தனித்தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினோம். வத்திராயிருப்பில் இறங்கி இன்னொரு பஸ். பிளவக்கல் போய்ச் சேர மத்தியானம் ஒன்றரை ஆகிவிட்டது. அணையில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர். கரை ஓரம் பிளந்த சேறு, அதற்கு அப்பால் பச்சைத் தண்ணீர், அதற்குப் பின்னால் நேரே எழும்பும் மலை. ஒரு புங்கமர நிழலில் புளியோதரையைப் பிரித்தோம். உருளைக்கிழங்கு வறுவலுக்குக் குரங்குகள் வந்துவிட்டன. ராஜு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் ஜெபா தானாகவே பேசினான். ஒரு வாக்கியம், ஒரு வாய் தண்ணீர். பிறகு இன்னொரு வாக்கியம்.

"ஆடியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. நரம்பு சரியாப்போச்சு, இனி கொஞ்சம் கொஞ்சமாப் பேசுங்கன்னு."

ராஜு திகைத்தான். "அப்ப ஏன்லே பேசல?"

"ஒரு நாள் குளியலறைல மெதுவாப் பேசிப் பாத்தேன். வேற ஆளு பேசுன மாதிரி இருந்துச்சு. குரலே வராமப் போனாக்கூடப் பரவால்லன்னு தோணிச்சு. அந்த ஆளு வந்துருவானோன்னுதான் பயம்."

ராஜு தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினான். பிறகு, "அந்த ஆளு நல்லாத்தான் கத்துதான்" என்றான். ஜெபா சிரித்தான். சத்தமாக, இருமலும் சேர்ந்து. நானும் சிரித்தேன். வயிறு வலித்தது.

வகுப்பு நாட்களில் நாங்களே கட்டிய ஒரு பாட்டு உண்டு. தென்காசிப் பஸ்ஸுக்குக் காத்திருப்பது பற்றி, அர்த்தம் அதிகம் இல்லாத பாட்டு. ஜெபாவுக்கு உச்சக் குரல் என்பதால் கிடாரின் கழுத்தில் கிளிப் மாட்டிச் சுருதியை ஏற்றித்தான் அதை வாசிப்போம். அன்று கிளிப்பைக் கழற்றினோம். அப்படியும் அவனுக்கு எட்டவில்லை. எல்லாக் கம்பிகளையும் இன்னும் இறக்கினோம். இறக்க இறக்கக் கிடாரின் சத்தம் தொளதொளவென்று ஆகி, ஒரு இடத்தில் அவன் குரலோடு போய்ச் சேர்ந்தது. முதல் அடியைப் பாடினான். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி பாடினான். பழைய ஜெபா கண்ணாடி மாதிரிப் பாடுவான். இது அது இல்லை. வயதான ஒருவன் தன் வீட்டுக்குள் பாடிக்கொள்வது மாதிரி இருந்தது. எனக்கு இது பிடித்திருந்தது என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"கிடாரை நான் எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு ரெண்டு?" என்றான்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கால் கிலோ பால்கோவா வாங்கினோம், நூறு ரூபாய். சூடு ஆறாமல் வாழையிலையில் வைத்துத் தந்தார்கள். கடை வாசலிலேயே நின்று தீர்த்துவிட்டு, ஷீலாவுக்கென்று இன்னொரு கால் கிலோ வாங்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில் ஜெபா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஷீலா, தண்ணி கொண்டா" என்றான். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. அவள் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களோடு ஆலயத்துக்குப் போனேன். பாடகர் குழுவில் ஜெபாவின் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவன் அங்கே போகவில்லை. என் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்று, புத்தகத்தைப் பார்த்து, ஒரு ஸ்தாயி கீழே பாடினான். முன்வரிசைக்காரர் ஒருவர் யார் என்று திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். ஜெபா பாடுவதை நிறுத்தவில்லை.

மத்தியானம் ராஜு தன் கிடாரோடு வந்தான். சாயங்காலம் வரை இரண்டு கிடாரையும் மாற்றி மாற்றி மூன்று பேரும் வாசித்தோம். புதுச் சுருதியில் எங்கள் விரல்களுக்கு எல்லாம் புதுப் பாட்டாக இருந்தது. தப்பு நிறைய. ஏழரை மணி ரயிலுக்கு இருவரும் வந்து ஏற்றிவிட்டார்கள். ஜெபா பிளாட்பாரத்தில் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, சில்லறைக்காகக் கடைக்காரரிடம் தகராறு செய்துகொண்டிருந்தான்.

தாம்பரத்தில் எனக்குச் சனிக்கிழமை என்றால் துணி துவைப்பது, ஞாயிறு என்றால் அதை மடிப்பது. கிடாரை எடுத்தால் அரைமணி நேரம் வாசிப்பேன். நன்றாக வாசித்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை, தப்பாக வாசித்தாலும் சொல்வதற்கு ஆள் இல்லை. ஊரை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. தாம்பரத்தில் எனக்கு வேலை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது. ஆனால் ஒருவனுடைய சுருதிக்காக என் கம்பிகளைத் தளர்த்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது.

ரயில் சிவகாசி தாண்டியதும் படுத்தேன். மேல் படுக்கை, தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் யாரோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் உறுத்தவில்லை. விருதுநகரும் மதுரையும் திருச்சியும் வந்துபோனது எனக்குத் தெரியாது. "தாம்பரம் வந்துட்டுதும்மா" என்று கீழ் படுக்கைக்காரர் காலைத் தட்டி எழுப்பியபோது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்பது ஒரு நிமிடம் பிடிபடவில்லை.