தவசீலனின் கடைசிப் பகல்

நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் அருளானந்தனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. வேலை ஆஸ்பத்திரிச் சமையலறையில்தான். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டை அவர்தான் எழுத வேண்டும். இறந்தவரின் பிறப்பு, குணம், முடிவு எல்லாம் சொல்லி அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. அதில் கஞ்சனும் வள்ளலாவான். யாரும் குறை சொல்வதில்லை.

ஒஸ்லோவுக்கு வருமுன் ஆறு வருடம் பாரிஸில் கோப்பை கழுவியவர். அங்கே பிடித்த பைத்தியம் பிரெஞ்சுப் போர் நாவல்கள். அதிலும் 1914 யுத்தத்தில் சேற்றுக்குழிக்குள் கிடந்தவர்களே எழுதியவை. யுத்தம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்து, பழைய கடிதங்களைக் கிளறி எழுதி விருது வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவை போர் நாவல்களே இல்லை, வெறும் சரித்திர நாவல்கள்தானாம். செத்தவன் எழும்பி வந்து பிழை சொல்லமாட்டான் என்ற துணிச்சலாம். கடையிலும் கோயிலிலும் இதே பிரசங்கம். மனுசன் 1984இலேயே ஊரை விட்டவர், ஷெல் சத்தத்தைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர். முகத்துக்கு நேரே இதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

2009 மே மாதம், ரொம்மனிலேயே இருந்த யோகராணியின் தம்பி தவசீலன் முள்ளிவாய்க்காலில் செத்துப்போனான். பதுங்குகுழியில் காயப்பட்டுச் செத்தான் என்று ஒரு வரிச் செய்தி, அவ்வளவுதான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் யோகராணி. சோற்றில் கை வைக்க முடியாமல் கிடந்தவள், கல்வெட்டுக்கு விபரம் கேட்க வந்த அருளானந்தனிடம் ஒன்றைத்தான் கேட்டாள்.

“அவன் தனியச் செத்தவனோ அண்ணை? அதை மட்டும் விசாரிச்சு எழுதுங்கோ.”

லண்டன், ரொறன்ரோ, சென்னை என்று தெரிந்த இடமெல்லாம் விசாரித்தார். கண்டவர் யாருமில்லை. அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கியதும் தமக்குப் பிடித்த பழைய நாவலொன்றை எடுத்தார். அதில் காயப்பட்ட சிப்பாயின் கையைப் பிடித்தபடி நண்பன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறான், உதட்டை நனைக்கிறான், பொழுது சாயக் கண்ணை மூடிவிடுகிறான். அருளானந்தன் மேல்கோட்டை இடுப்பில் கட்டும் சாரமாக்கினார், மழையை வெயிலாக்கினார், சிப்பாயைத் தவசீலனாக்கினார். யார் சொன்னது என்று யோகராணி கேட்டபோது, தப்பி வந்த ஒரு பொடியன், பேர் சொல்லக்கூடாது என்று புளுகினார். அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். அது போதும் என்று அவரும் இருந்துவிட்டார்.

கார்த்திகையில் பிலேந்திரன் என்ற இளைஞன் லில்லெஸ்ட்ரோம் ஊருக்கு அப்பால் அகதி முகாமொன்றுக்கு வந்து சேர்ந்தான். தவசீலனுடன் ஒரே பதுங்குகுழியில் இருந்தவனாம். யோகராணி கல்வெட்டையும் எடுத்துக்கொண்டு அருளானந்தனையும் இழுத்துக்கொண்டு போனாள். வாழ்நாள் முழுக்கத் திட்டிய வேலையைத் தானே செய்தாயிற்று. இப்போது பிழை சொல்லவும் ஆள் வந்துவிட்டான்.

பிலேந்திரன் தவசீலனின் முடிவைச் சொல்லும் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தான். இந்த நண்பன் யாரென்று தெரியுமா என்று யோகராணி கேட்டாள். அவன் கல்வெட்டை மூடி வைத்தான்.

“அது நான்தான் அக்கா,” என்றான்.

அவள் அவன் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அருளானந்தன் தலை நிமிரவில்லை. அந்தக் கைகள் எந்த நாவலின் பக்கத்திலிருந்து வந்தவை என்று அவருக்கல்லவா தெரியும்.

அவள் முகம் கழுவப் போன நேரம் பிலேந்திரன் கிட்ட வந்தான்.

“உங்களுக்கு ஆர் அண்ணை இப்பிடிச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் எழுதினனான்.”

“நான் அவனை விட்டிட்டு ஓடினனான் அண்ணை. போகாதை எண்டு கூப்பிட்டவன். கன தூரத்துக்குக் கேட்டது.”

திரும்பி வரும் ரயிலில் யோகராணியின் முகம் ஆறுமாதத்துக்குப் பிறகு தெளிந்திருந்தது. இவ்வளவு நாளும் அரைவாசிதான் நம்பினாளாம். ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டை இன்னொரு தரம் அடிக்க வேண்டும் என்றாள்.

“அந்தத் தம்பியின்ரை பேரையும் போடுங்கோ அண்ணை.”

அருளானந்தன் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஓம், போடுறன்,” என்றார்.