மாலை விழுந்த சம்பியன்

மகளின் திருமண வரவேற்புக்கு லண்டனில் சட்டன் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பின் மண்டபத்தை எடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் வாசலைப் பார்க்கப் போனால், சுவரில் இருந்த தாடிக்கார வெள்ளைக்காரரின் படத்துக்கு மல்லிகை மாலை!

"ஒண்டு மிஞ்சினது அண்ணை," என்றார் அலங்காரக்காரர். "பெரிய மனுசர் மாதிரி இருந்தார். சும்மா விட மனம் வரேல்லை."

மாலை போட்ட படம் என்றால் செத்தவர் படம். சம்பந்தியம்மாவோ பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பச் சொல்பவர். அவர் முகம் கோணினால் புகுந்த வீட்டில் மகளின் முதல் நாளே கெட்டுவிடும். கழற்றுவோம் என்று கதிரையில் ஏறினேன். நல்ல நாளில் போட்ட மாலையைக் கழற்றுவது அதைவிட அபசகுனமோ? இறங்கினேன். திரும்பவும் ஏறினேன். மாலையைப் பிடித்தபடி நிற்கும்போது சம்பந்தியம்மா உள்ளே வந்தார்.

"ஆர் அண்ணை உவர்? உங்கட பக்கமோ?"

"இல்லை அக்கா, ஸ்கொட்லாந்துக்காரர். கோல்ஃப் விளையாடியே காசு உழைச்ச முதல் ஆக்களில ஒருத்தர்."

மண்டபம் பேச வந்த அன்று, பொழுது போகாமல் படத்தடியில் இருந்த குறிப்பை வாசித்திருந்தேன். நல்ல காலம்.

"விளையாட்டு சரி. தொழில் என்ன?"

"முதல்ல பெரியாக்களுக்குக் கோல்ஃப் தடி சுமந்தவர். பிறகு தோலுக்குள்ள இறகு அடைச்சுப் பந்து செய்தவர். மரப்பாலில மலிவுப் பந்து வர அந்தத் தொழில் படுத்திட்டுது. பிறகு தடி செய்து வித்தவர், புல்லுப் பராமரிச்சவர்..."

"ஒண்டிலயும் நிலைக்கேல்லையோ?"

"விளையாடிச் சம்பியனும் ஆனவர் அக்கா! இங்க இந்த மைதானத்தை அமைச்சதும் அவர்தான்."

எப்போதோ செத்துப்போன மனிதருக்காகக் கலியாணத் தரகர் போல வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"சொந்த வீடு?"

"கிளப் குடுத்தது."

முகம் சுருங்கியது. "குடி?"

"அது எழுதேல்லை." ஸ்கொட்லாந்தையும் விஸ்கியையும் அவர் சேர்த்து நினைக்கக் கூடாதே என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேன்.

"பெண்சாதி, பிள்ளையள்?"

"ஒரே மனிசி. எட்டுப் பிள்ளையள். கடைசிமட்டும் ரெண்டுபேரும் ஒண்டாத்தான் இருந்தவை."

"அதை முதல்ல சொல்லியிருக்கலாமே! கீழ இறங்குங்கோ அண்ணை, விழுந்து கிழுந்து போவியள்."

மணமக்கள் வந்ததும் படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கும்பிடுங்கோ ரெண்டுபேரும்."

லண்டனில் பிறந்த மாப்பிள்ளை கைகூப்பியபடியே என் பக்கம் சரிந்து, "மாமா, ஹூ இஸ் திஸ்?" என்றார்.

"அம்மாவைக் கேளுங்கோ," என்றுவிட்டுத் தண்ணீர் தேடிப் போனேன்.