சங்கிலியில் என் அரைமணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜெர்மனியில் வேக்குவம் கிளீனர் போடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வந்த புதிதில் ஒருநாள் போட்டேன். கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்து, இன்று ஞாயிறு என்றார். சர்ச்சுக்குப் போகவில்லையா என்று கேட்கிறார் என நினைத்து, போய்வந்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் குழம்பிப்போனார். தான் சர்ச்சுப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது, ஆனால் ஞாயிறு என்றால் ஓய்வு, சத்தம் வேண்டாம் என்று நிதானமாக விளக்கிவிட்டு இறங்கினார்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் ஞாயிறு எப்படியென்று. செம்பாக்கத்தில் காலை ஆராதனை, பிறகு ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது, பாடகர் குழுப் பயிற்சி, மாலையில் யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம். எனக்கும் மாடிவீட்டு சுகந்தி அக்காவுக்கும் சாப்பிட மூன்று மணி ஆகிவிடும். "இயேசுவே வந்து பெல் அடிச்சாலும் இன்னிக்கு நமக்கு டைம் இல்லடி" என்பாள் அக்கா, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

போன வருடம் அக்காவுக்கு உடம்பு மோசமானபோது சபையில் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஆளுக்கு அரைமணி நேரம். ஒருவர் முடித்து வாட்ஸப் குழுவில் 'ஆமென்' போட்டதும் அடுத்தவர் தொடங்க வேண்டும். நடுவில் அறுபடக் கூடாது. ஞாயிறு மாலை ஐந்தரை எனக்கு விழுந்தது. இங்கே அப்போது பிற்பகல் இரண்டு. ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கண்ணை மூடினேன். "ஆண்டவரே, சுகந்தி அக்கா" என்று தொடங்கியது நினைவிருக்கிறது. கட்டடத்தில் ஒரு சத்தம் இல்லை. விழித்தபோது இரண்டு முப்பத்தைந்து. 'சிஸ்டர், முடிச்சிட்டீங்களா?' என்ற கேள்வி குழுவில் காத்திருந்தது.

'ஆமென்' என்று போட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா இறந்துபோனாள். கடவுள் அப்படி நிமிடம் பார்க்கிறவர் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அதன்பின் பிற்பகல் இரண்டு மணிக்கு என்னால் உட்காரவே முடியவில்லை. உட்கார்ந்தால், அடுத்த அறையில் யாரோ என் பதிலுக்காகக் காத்திருப்பது போல் இருக்கும். துணி மடிப்பேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன். ஒரு பொய் ஆமெனுக்குப் பிறகு எந்த ஜெபத்தை எப்படி முடிப்பது? கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த மே மாதம் ஊருக்குப் போனதும் அக்காவின் தங்கை கிரேஸைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் கடைசிவரை கூட இருந்தவள் அவள்தான். அவள் டீ போட எழுந்தபோது, உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன்.

"என் டர்ன்ல நான் ஜெபிக்கல, கிரேஸ். தூங்கிட்டேன். ஆமென்னு பொய்யா போட்டேன்."

கோபமா, அழுகையா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. என் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தானே? அக்கா அப்ப தூங்குனா. அந்த வாரத்துல வலியில்லாம தூங்குனது அன்னிக்குதான். நானும் கட்டில் காலடியில சாஞ்சுட்டேன். நர்ஸ் வந்து, பேஷன்ட்ட பாத்துக்க வந்தியா, தூங்க வந்தியான்னு ஒரே திட்டு."

சாயங்காலம் என்றால் நாலு மணியா, ஐந்தரையா? எனக்காக இப்போது இட்டுக்கட்டிச் சொல்கிறாளா? கேட்க வாயெடுத்தேன்.

"மணி கேக்காத" என்றாள். "கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா? பேய்கூட பயந்துடும். கொஞ்சம் படு."

பாயை விரித்தாள். பட்டப்பகலில் இன்னொருவர் வீட்டில் படுப்பதா என்று கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்து, "ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வரவில்லையே என்று எழுந்தும் உட்காரவில்லை.

விழித்தபோது சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. மின்சாரம் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்தால் வெளியே எந்த ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையின் மூச்சைக் கேட்டபடி, தெரியாமலேயே இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.